இடது ஓரத்துக் காது

தம்பி, அந்தப் படத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் நின்னது நீங்கதானே? கால் வலிக்கும், இப்படி வந்து உட்காருங்க. நான் நகர்ந்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். படத்தோட இடது ஓரத்தில் ஒரு காது தெரியுதே, கடுக்கன் போட்ட காது, அதைப் பார்த்தீங்களா?

பார்க்கலையா!

காலையில் இருந்து இதே கதைதான். ஜிப்பா போட்டவர், கண்ணாடி போட்டவர், மூக்குத்தி குத்தின காலேஜ் பொண்ணுங்க, எல்லாரும் வர்றாங்க. நிக்கறாங்க. தலையை இப்படிச் சாய்க்கறாங்க, அப்படிச் சாய்க்கறாங்க, 'ஆகா'ங்கறாங்க, போயிடறாங்க. ஒருத்தராவது இடது ஓரத்துக்குக் கண்ணைக் கொண்டு போகணுமே. அந்தக் காது என்னுதுங்க.

நம்பிக்கை இல்லைன்னா இதோ திரும்பறேன், ஒத்துப் பாருங்க. அதே கடுக்கன், அதே மடல். இதைத்தான் ஒரு அம்மாவுக்கு விரல் வச்சுக் காட்டினேன். அங்கே சீருடையில் நிக்கறாரே, அவர் ஓடி வந்து 'படத்தைத் தொடாதீங்க பெரியவரே'ன்னு சத்தம் போட்டார். என் காதை நான் தொடக்கூடாதாம். நானும் விடலை, நல்லாக் கேட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் அவர் அந்தக் கோடிக்குப் போய் நிக்கறார். எனக்குக் கோபம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவேன். பிறவிக் குணம்.

சரி, கூப்பிட்ட காரியத்துக்கு வர்றேன். நாலு மணிக்கு என் சம்மந்தி இங்கே வர்றார். அர்த்தநாரின்னு பேரு. திருச்செங்கோட்டில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு வர்றார். அவர்கிட்ட நான் போனில், 'என் படம் மாட்டப் போறாங்க, முழுசா, மீசையோட'ன்னு சொல்லி வச்சிருக்கேன். இங்கே இருக்கிறது காது. அவர் வாயில் இது விழுந்தால் நான் ஊருக்குத் திரும்பவே வேண்டியதில்லை. அதனால் அவர் உள்ளே வந்ததும் நீங்க எழுந்து போய், படத்துக்கு இடது பக்கமா நின்னு, 'அடடா, என்ன காதுடா இது!'ன்னு ரெண்டு தரம் சத்தமாச் சொல்லணும். அவ்வளவுதான்.

சிரிக்காதீங்க. சந்தையில் இதுக்குன்னே ஆள் இருக்குது. எவ்வளவு நல்ல மாடாக இருந்தாலும் சரி, சுத்தி ரெண்டு பேர் நின்னு 'ச்சொ ச்சொ'ன்னு சப்புக் கொட்டினால்தான் மூணாவது ஆள் கிட்ட வருவான். மனுச புத்தி அப்படி. படம் பாக்கறவங்களும் மனுசங்கதானே?

என் பேரு பொங்கியண்ணன். காங்கேயத்துப் பக்கம். மாட்டுத் தரகு. சின்ன வயசில் மாட்டுக்குத் தண்ணி காட்டச் சந்தைக்குப் போனவன், பள்ளிக்கூடம் பக்கம் திரும்பலை. உதை வாங்கி வாங்கித் தொழில் படிச்சேன். மாடு உதைச்சதும் உண்டு, ஆள் உதைச்சதும் உண்டு. ஆள் உதைச்சதில்தான் படிப்பு ஜாஸ்தி.

எங்க தொழிலில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்கறவர் கை மேல் ஒரு துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடிப்போம். பிடிச்ச விரல் எத்தனையோ, விலையும் அத்தனை. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. வாய் பாட்டுக்கு, 'உங்க பக்கம் மழை எப்படி? பையனுக்குப் பொண்ணு அமைஞ்சுதா?'ன்னு பேசிட்டு இருக்கும். முகம் எதுவுமே பேசக்கூடாது. அதுதான் தொழில். என் முகத்தில் ஈ உட்கார்ந்தால் அது உட்கார்ந்தது ஈக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கும் சம்மந்திக்கும் சண்டை மூட்டினதும் இந்தத் துண்டுதான். மகள் கோகிலவாணியைக் கட்டிக் கொடுத்த மறு வருசம், பால் மாடு வேணும்னு அவர் சந்தைக்கு வந்தார். நல்ல மாடாப் பார்த்து நிறுத்தி, விலை சொல்லலாம்னு அவர் கை மேல் துண்டைப் போட்டேன். வெடுக்குன்னு உருவிட்டார்.

"நமக்குள்ள எதுக்குச் சம்மந்தி மூடி வச்சுப் பேச்சு? நேர்மையான விலைன்னா வாயைத் திறந்து சொல்லலாமே."

சந்தையே பாக்குது. என் தொழிலைச் சந்தை நடுவில் வச்சுத் திருட்டுத் தொழிலுங்கறார். விடுவேனா?

"வாத்தியாரே, நீங்க பரீட்சைப் பேப்பரை நடுரோட்டுல விரிச்சு வச்சா திருத்துனீங்க?"

அவர் ஒண்ணு சொன்னார், நான் ரெண்டு சொன்னேன். 'இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு துண்டை உதறித் தோளில் போட்டுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் பேத்தி பிறந்தாள். போகலை. பேரு வச்சாங்க. போகலை. என் வீட்டுக்காரி பூவாத்தாள் தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வருவாள். வந்து, யார்கிட்டயோ சொல்ற மாதிரி, 'குப்புற விழறா'ம்பாள். 'தவழறா'ம்பாள். அன்னைக்கு ஒரு நாள் வந்து 'நடக்கறா'ன்னாள். நான் காது கேக்காத மாதிரி மாட்டைத் தேய்ச்சுட்டு இருந்தேன். சொன்ன சொல் சொல்தானுங்களே.

இந்த நேரத்தில்தான் அந்த ஓவியக்காரப் பொண்ணு சந்தைக்கு வந்தாள். ஹெப்சிபா. சொந்த ஊர் தூத்துக்குடி, குடியிருக்கிறது இந்தக் கோயமுத்தூரில். ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல் உட்கார்ந்து தாளில் கிறுக்கிட்டு இருந்தாள். வர்றவங்க எல்லாம் காளையைத்தான் படம் பிடிப்பாங்க. இவளும் அதுதான்னு நினைச்சேன். கிட்டப் போய் எட்டிப் பார்த்தால் தாள் நிறைய துண்டு. துண்டு துண்டாத் துண்டு.

"ஐயா, இந்தத் துண்டுக்கு அடியில என்ன நடக்கு?"

"அதைச் சொன்னா என் பொழப்பு நின்னு போகும் அம்மிணி."

"அப்ப அதைத்தான் நான் வரையப் போறேன்."

"தெரியாததை எப்படி வரைவே?"

"தெரியாதுங்கறதை வரையலாம்லா?"

வாய் ஜாஸ்தி. இருந்தாலும் எனக்கு வாய் ஜாஸ்தியான ஆளுகளைப் பிடிக்கும், பேரம் சூடா இருக்கும். வரையறதுக்கு நல்ல வெளிச்சமான இடம் வேணும்னாள். என் வீட்டுக்குப் பின்னால் தம்பியோட பழைய தறிக்குடோன் சும்மா கிடந்தது. கூரையில் கண்ணாடி ஓடு போட்டிருக்கும். வாடகை என்னன்னு கேட்டாள். 'வாடகை வேண்டாம், படத்தில் என் முகம் வரணும்'னேன். 'முகம் வந்தா விடமாட்டேன் ஐயா'ன்னாள். கை கொடுத்தோம். எப்படி இருக்குது என் பேரம்? செத்த குடோனைக் கொடுத்து உசிருள்ள படத்தை வாங்கியாச்சு. அன்னைக்குச் சந்தை முழுக்கச் சொல்லிட்டேன்.

ஒரு படம் வரையறதுன்னா இவ்வளவு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் என்னமோ ஆளை நிறுத்தி வச்சா சாயங்காலம் படம் கையில் கிடைச்சிரும்னு நினைச்சேன். முதல் வாரம் முழுக்க அவள் போட்டதெல்லாம் தீப்பெட்டி அளவுப் படம். அதில் துண்டு மேலே, இதில் துண்டு கீழே, ஒண்ணில் நான் இருக்கேன் கொசு மாதிரி.

"ஏன் அம்மிணி, தாளுக்குப் பஞ்சமா?"

"பெருசாத் தப்பு செய்யதுக்கு முன்னாடி சின்னதாத் தப்பு செஞ்சு பாக்கேன்."

அது சரிதான்னு விட்டேன். மாட்டை வாங்கறதுக்கு முன்னால் நாமும் பல்லைப் பிடிச்சுத்தானே பாக்கறோம்.

அப்புறம் ஒரு பெரிய தாளில் கரித்துண்டால் போட்டாள். அது படம்! நடுவில் நானு. பக்கத்தில் என் மயிலைக் காளை, நான் சொல்லிச் சேர்த்தது. பின்னால் சந்தை, வண்டி, டீக்கடை, கூட்டம். பாக்கறவனுக்குச் சாணி வாசம் அடிக்கும். நான் 'இதோட நிறுத்து அம்மிணி, சாயம் அடி'ன்னேன். அவள் என்ன செஞ்சாள் தெரியுமா? கட்டைவிரலால் டீக்கடையை மறைச்சாள். "இது இல்லைன்னா படத்துக்கு ஏதாச்சும் குறையுதா ஐயா?" குறையலைன்னேன், ஏன்னா அந்த டீக்கடைக்காரனை எனக்குப் பிடிக்காது. அழிச்சுட்டாள். மறுநாள் கூட்டத்தை மறைச்சாள். அதுக்கு மறுநாள் உள்ளங்கையை விரிச்சுக் காளையை மறைச்சாள். "காளையைப் பாத்தா யாரும் துண்டைப் பாக்க மாட்டாங்க ஐயா."

"அது சுழி சுத்தமான காளை, ஒரு குறை சொல்ல முடியாது!"

"அதான் பிரச்சினையே."

கத்தினேன். குடோன் அதிர்ந்துது. அவள் கரித்துண்டைக் கீழே வச்சுட்டு, நான் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் ரப்பருக்குப் பதிலா ரொட்டியைப் பிச்சு உருட்டிக் காளையை அழிச்சாள். கொம்பு மட்டும் கொஞ்ச நேரம் நின்னுது. அதுவும் போச்சு. போகட்டும், நான் இருக்கேன்ல, அது போதும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அடுத்தது துணி. மரச்சட்டத்தில் துணியை இழுத்து இழுத்து ஆணி அடிச்சாள், தப்பட்டைக்குத் தோல் கட்டற மாதிரி. சுண்டினால் 'டம்'னு கேக்கணுமாம். அதுக்கு மேல் வெள்ளையடிச்சாள். காய வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி வெள்ளை. மறுபடி தேய்ப்பு. 'பொங்கலுக்கு நான் முழு வீட்டையும் ஒரே நாளில் அடிச்சிருவேன்'னு சொல்லிப் பார்த்தேன். 'உங்க சுவரு அடுத்த தலைமுறைகிட்டப் பேச வேண்டாம்லா ஐயா'ன்னாள்.

சாயம் தொட்ட அன்னைக்கு ஆசையாப் போய்ப் பாக்கறேன், நான் பச்சையா நிக்கறேன்! முகம், கழுத்து, கை, எல்லாம் பாசி பிடிச்ச பச்சை. பூச்சி மருந்து குடிச்சவன் மாதிரி. வந்துதே எனக்கு! 'நல்லா இருக்கறவனை இப்படி ஆக்கிட்டியே, பாக்கறவன் மாலை வாங்கிட்டு வந்திருவானே'ன்னு குதிச்சேன். அவள் நிதானமா, பச்சை அடியில் இருந்தால்தான் மேல் பூசற தோல் நிறத்துக்கு உசிர் வரும்னு சொன்னாள். தோலுக்கு அடியில் பச்சை, துண்டுக்கு அடியில் கை. இந்தப் பொண்ணுக்கு எல்லாமே அடியில்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. படத்தில் நான் விலை பேசணும்னா எதிரில் ஒரு ஆள் வேணும். என் கூட்டாளி சின்னச்சாமியைக் கூட்டிட்டு வந்தேன். அவன் பழக்கதோசத்தில் சித்த நேரத்திலேயே விரலை அமுக்கி வியாபாரத்தை முடிச்சுட்டு, கையை உதறி, டீ எங்கேன்னு கேட்டான். திரும்ப நிறுத்தினோம், திரும்ப முடிச்சான். 'எனக்கு முடியாத பேரம் வேணும் ஐயா'ன்னு தலையில் கை வச்சுட்டாள் அம்மிணி. அப்போ பூவாத்தாள் மோர் கொண்டு வந்தாள். அம்மிணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க வந்து நில்லுங்களேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கலை. "எந்தச் சந்தையில பொம்பளை துண்டுக்குள்ள கை விட்டிருக்கா?"

"நான் என்ன சந்தைக்கா வர்றேன்? தறிக்குடோனுக்குத்தானே வர்றேன்"னு மோர்ச் சொம்பை வச்சுட்டு வந்து நின்னுட்டாள் பூவாத்தாள்.

கல்யாணத்தில் பிடிச்ச கை. அதுக்கப்புறம் அவள் கையை நான் பிடிச்சதில்லைங்க. எங்க பக்கம் அப்படிப் பிடிக்கற வழக்கமும் இல்லை. துண்டைப் போட்டோம். ரெண்டு பேர் கையும் அடியில் கட்டை மாதிரி கிடந்தது. அம்மிணி கொஞ்ச நேரம் வரைஞ்சுட்டு, "துணி செத்துக் கிடக்கு. உள்ள பேச்சு நடந்தாத்தான் மேல மடிப்பு அசையும். நிஜமாவே எதையாச்சும் பேரம் பேசுங்க"ன்னாள்.

"இவகிட்ட என்ன பேரம்? கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்திட்டுத்தானே இருக்கேன்"னேன்.

"நான் பேசறேனுங்க"ன்னாள் பூவாத்தாள். சொல்லிட்டு என் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடிச்சாள்.

"என்ன அஞ்சு?"

"அஞ்சு பேரு. சம்மந்தி வீட்டுல அஞ்சு பேரு. உங்க வாயால கூப்பிடணும்."

"துண்டுக்குள்ள பேசறதை வெளியில சொல்லக்கூடாது, அதுதான் முறை"ன்னு அதட்டினேன். சரின்னாள். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி, "மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊற வச்சீங்களா?"ன்னு கேட்டாள். அடியில் அஞ்சு விரலும் அவள் பிடியில்.

நான் விடுவேனா? உருவினேன். சுண்டு விரலை மட்டும் நீட்டினேன். பேத்தி. குழந்தை என்ன பண்ணுச்சு பாவம். பிடிச்சுக்கிட்டாள். ஆனால் கையை எடுக்கலை. மறுநாள் மோதிர விரல், என் மகள். அதுவும் நியாயம். நடுவிரல் மாப்பிள்ளை, அதுக்குச் சில நாள் ஆச்சு, ஏன்னா அவன் அன்னைக்குச் சந்தையில் வாயே திறக்காமல் நின்னவன். ஆள்காட்டி விரல் சம்மந்தியம்மா, நல்ல மனுசி, கொடுத்தேன். கட்டைவிரல் மிச்சம். அது அவர். அதை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிட்டேன். பூவாத்தாள் அந்த மூடின கையை அப்படியே பிடிச்சுட்டு நிப்பாள். "வெயில் ஜாஸ்தியா இருக்குதுங்க." "ஆமா." "கத்திரி நாத்து வாடிப் போச்சுங்க." "தண்ணி விடு." இதுதான் பேச்சு. நாள் நாளா இதே. அந்தப் பக்கம் அம்மிணி தூரிகையை நிறுத்தாமல் போடறாள். துண்டு இப்ப உசிரா இருக்குன்னு சந்தோசம் வேற.

ஒரு நாள் மத்தியானம் கட்டைவிரல் மரத்துப் போச்சு. நீட்டினேன். அவள் பிடிச்சுக்கிட்டாள். அவ்வளவுதானுங்க நடந்தது. மரத்துப் போனது. நரம்புக் கோளாறு. அதை நான் ஒத்துக்கிட்டதா அவள் எடுத்துக்கிட்டால் நான் என்ன செய்யட்டும்? பிடிச்ச பிறகு இல்லைன்னு சொல்றது தொழில் தர்மம் இல்லையே. அம்மிணி 'அசையாதீங்க, ரெண்டு பேரும் அசையாதீங்க!'ன்னு கத்தினாள். அன்னைக்கு முழுக்க பூவாத்தாள் பக்கமே நின்னு வரைஞ்சாள். என்னத்தை அப்படி வரைஞ்சாளோ, நான் எட்டிக்கூடப் பாக்கலை. என் முகம் அப்போ முடிஞ்சிருந்தது. மீசை ஒவ்வொரு முடியா நின்னுது. அதைப் பாக்கவே நேரம் பத்தலை.

சம்மந்தியை நான் கூப்பிட்டது விரலுக்காக இல்லைங்க. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். என் தொழிலைச் சந்தையில் வச்சுக் கேவலமாப் பேசினவர், அதே தொழிலுக்காக என்னைப் பெரிய கூடத்தில் மாட்டி வச்சிருக்கிறதை வந்து பாக்கட்டும்னுதான். போன் போட்டேன்.

"சம்மந்தி, என் படம் ஒட்டறாங்க."

"எந்தப் போலீஸ் ஸ்டேசன்ல?"

பாத்தீங்களா? இவ்வளவு நாள் கழிச்சுப் பேசறேன், முதல் வார்த்தை இது. பல்லைக் கடிச்சுட்டு, கோயமுத்தூர்னேன், கண்காட்சின்னேன், முழுசா மீசையோடன்னேன். 'எல்லாரும் வரணும், அஞ்சு பேரும்'னு சொன்னேன். 'வர்றோம்'னார். போனை வச்சுட்டுத் திரும்பினால் பூவாத்தாள் கதவோரம் நின்னு முறத்தில் உளுந்து புடைச்சுட்டு இருக்காள். உளுந்து அன்னைக்குக் காலையிலேயே புடைச்சாச்சு.

அதுக்கு ரெண்டாம் நாள் குடோனுக்குப் போறேன், என் முகத்தைக் காணோம்!

அம்மிணி கையில், சாயம் கரைக்கிற டர்பன்டைன் நனைச்ச துணி. துணி முழுக்க என் நிறம். மூக்கு, கண்ணு, மீசை, எல்லாம் அந்தக் கந்தலில் இருக்குது. எனக்கு என்ன வந்துதுன்னு தெரியலை. மோர்ச் சொம்பு சுவரில் போய் மோதுச்சு. 'ஏமாத்திட்டியே! கை கொடுத்தோமே! சம்மந்தியைக் கூப்பிட்டு வச்சிருக்கேனே!'ன்னு ஊர் கூடற அளவுக்குக் கத்தினேன். அவளும் பதிலுக்குக் கத்தினாள். தூத்துக்குடிக் குரல், கடல் காத்துக்கு மேல் கத்திப் பழகின குரல்.

"உங்க முகம் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கு ஐயா! நாலு தடவை வரைஞ்சேன். நாலு தடவையும் பூட்டின வீடுதான் வருது!"

"அதுதான் என் தொழில்! அதுக்குத்தான் நான் இத்தனை உதை வாங்கினேன்!"

"தெரியும். ஆனா பூட்டை எத்தனை நாள் வரையது? வந்தா விடமாட்டேன்னுதானே சொன்னேன்? வரலை."

ஈ கதையை அவளுக்குப் பெருமையாச் சொன்னதே நான்தான். ஆனால் தரகன் மூச்சு இருக்கிற வரைக்கும் பேரம் இருக்குது. மூச்சு வாங்கிட்டு ஆரம்பிச்சேன்.

"பாதி முகம்."

"பாதிப் பூட்டா?"

"சரி, மூக்கு வரைக்கும்."

"மாட்டேன்."

"மீசை. மீசை மட்டும் போடு."

"அந்தரத்துலயா ஐயா?" சிரிச்சுட்டாள். எனக்கும் லேசா வந்தது, அடக்கிட்டேன்.

"அப்ப என்னதான் தருவே?"

"காது"ன்னாள். யோசிக்கவே இல்லைங்க, கேட்ட வாய் மூடறதுக்குள்ள சொல்லிட்டாள். கத்துக்குட்டி! வியாபாரத்தில் அப்படிச் சட்டுன்னு சொல்லலாமா? நான் பிடிச்சுக்கிட்டேன். கடுக்கனோடன்னேன், சரின்னாள். மீசை நுனி ஒண்ணு கொசுறு கேட்டேன், அதுக்கும் சரி. உத்துப் பாருங்க, காதுக்குக் கீழே ரெண்டு முடி தெரியும், அது கொசுறு. இன்னொரு அதிர்ஷ்டம் என்னன்னா, முகத்தைத் துடைச்ச அந்தத் துணி காதுப் பக்கம் போகவே இல்லை. முழுசா அப்படியே இருந்தது. நான் மட்டும் பத்து நிமிசம் பிந்தியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இதுதானுங்க நடந்தது. நான் பேரம் பேசி வாங்கின காது அது. வலது பக்கம் நிக்கறது பூவாத்தாள், அதுக்கென்ன, அது கிடக்கட்டும். எல்லாரும் அந்தப் பக்கமே பாக்கறாங்க, ஏன்னு தெரியலை. இப்பக் கூட அம்மிணியைக் கூட்டிட்டு வாசலுக்குப் போயிருக்காள், அவங்களை எதிர்கொண்டு கூட்டிட்டு வர. மணி என்னங்க? நாலா?

அதோ. வந்துட்டாங்க. வெள்ளை வேட்டி, கையைப் பின்னால் கட்டிட்டு வர்றாரே, அவர்தான். பரீட்சை ஹாலில் நடக்கிற மாதிரியே நடக்கறார் பாருங்க. பின்னால் என் மகள். அவ கையைப் பிடிச்சுட்டு... அது... ஆமாங்க, அதுதான். நடந்துதான் வருது. சின்னச் செருப்பு போட்டிருக்குது.

நீங்க எழுந்திருங்க தம்பி, போய் நில்லுங்க. சித்த இருங்க, இருங்க. அவர் படத்துக்கு முன்னால் போயிட்டார். கண்ணாடியைத் துடைச்சுப் போடறார். பேப்பர் திருத்தற மாதிரி உத்துப் பாக்கறார், வலது பக்கத்தில் இருந்து.

என்ன சொல்றார்? உங்களுக்குக் கேக்குதா? எனக்குக் கேக்குது. 'அந்தம்மா கேட்டதை வாங்கிட்டாங்க, மூஞ்சி சொல்லுது பாரு'ங்கறார் அவர் வீட்டம்மாகிட்ட. எங்கே வாங்கினா? தம்பி, கொஞ்சம் விலகுங்க, மறைக்குது. காலையில் இருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கேன், நான் அந்தப் பக்கம்... அட. ஆமா. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அந்த மத்தியானம் இவள் இப்படியா என்னைப் பார்த்துட்டு நின்னாள்?

இப்ப இடது பக்கம் வந்துட்டார். குனியறார். 'எதிர்ல நிக்கறவன் வசமாத் தோத்திருக்கான். காதைப் பாரு, எப்படிச் செவந்து கிடக்குது'ங்கறார்.

செவப்பா? அது அவள் போட்ட நிறம்னுல்ல நினைச்சேன். என் காது செவக்குமா? தம்பி, நிசமாச் சொல்லுங்க. இப்பவுமா?

யாருங்க இந்த ஆளுன்னு கேக்கறார். பூவாத்தாள்கிட்டக் கேக்கறார். அவளும் அம்மிணியும் திரும்பி இங்கே என்னைப் பாக்கறாங்க. அவருக்கு இன்னும் தெரியலைங்க, முழு மீசையைத்தானே தேடறார். நான் சும்மா இருந்துட்டால், ஏதோ ஒரு தரகன்னு போயிடும். என் முகத்தைத் துடைச்சுட்டாங்கன்னு சொல்லிக்கலாம், அம்மிணி மேல் பழியைப் போட்டுக்கலாம். தோத்தவன்னு எவனும் என்னைச் சொல்ல முடியாது.

நீங்க உட்காருங்க தம்பி. காதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

சம்மந்தி! இங்கே, இங்கே பாருங்க. அந்த ஆள் நான்தானுங்க. ஆமா, தோத்தவன்தான். சிரிச்சது போதும். கோகிலவாணி, குழந்தை கையை விடும்மா. தூக்கிட்டு வர வேண்டாம், நடந்தே வரட்டும்.